மஹய்யாவவில் வீடு கட்டுவது: விதி, விலக்கு, உறுதி



'நகரமும் வீடும்' என்று எனக்குத் தந்த தலைப்பு மிக அகன்றது. அதில் ஒரேயொரு விஷயத்தை மட்டும் எடுத்துப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். கட்டட விதிக்குள் அடங்காத ஒரு காணியில் வீடு கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர், மாநகர சபையிடம் எப்படி விலக்குக் கேட்பது? கேட்டால் யாருக்குக் கிடைக்கிறது? கேட்கவே வழியில்லாதவர் யார்? இதைப் பொதுவாகப் பேசினால் புரியாது. ஆகவே நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் மஹய்யாவவை வைத்துப் பேசுகிறேன்.

மஹய்யாவவை அறியாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வழியில், 1880இல் திறந்த மாத்தளை ரயில் பாதையும் அதன் சுரங்கமும், நகரத்தின் பொது மயானமும், அவற்றைச் சுற்றிச் சரிவில் ஏறும் வீடுகளுமாக இருக்கும் இடம். அங்கே உறுதியோடு காணி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளருக்கென்று பிரித்தானியர் காலத்தில் உண்டான குடியிருப்பும் உண்டு. இந்த இரண்டு வகை வீடுகளும் ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவில், ஒரே மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. ஆனால் கட்டட விதி இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

முதலில் விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் கொழும்போடு சேர்ந்து பிறந்தது. ஆனால் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அரை நூற்றாண்டு பிந்தித்தான் வந்தது. 1914இல் கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கி நெருக்கிக் கட்டிய, காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகள் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது அப்போதுதான். அடுத்த ஆண்டே, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. உள்ளூராட்சி எல்லைக்குள் எழுத்து மூலம் அங்கீகரித்த பிளான் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது, கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் குடிபுகக்கூடாது என்ற இரண்டு கட்டளைகளும் அதில் இருந்து வந்தவை. இன்றும் நாம் 'சி.ஓ.சி.' என்று ஓடித் திரிவது அந்தச் சான்றிதழுக்காகத்தான்.

இதில் நெஞ்சை அறுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. நகரத்தின் சுகாதாரத்துக்காக வந்த சட்டம் அது. அந்தச் சுகாதாரத்தைத் தன் கையால் செய்து கொடுத்தவர்கள், தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கொண்டுவந்து நகரசபைகள் வேலைக்கு வைத்த துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சபை கொடுத்தது லயம். ஒரு சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் வரிசை அறைகள். ஒரு தனியார் இன்று அதே பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தச் சபையும் திருப்பி அனுப்பிவிடும்.

சுதந்திரத்துக்குப் பின் அடுத்த கட்டம் வந்தது. 1978இன் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை உண்டாக்கியது. 1982இன் திருத்தச் சட்டம், அபிவிருத்திப் பிரதேசம் என்று அறிவித்த எல்லைக்குள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எவரும், அரச நிறுவனமும் கூட, அபிவிருத்தி வேலை செய்யக்கூடாது என்றது. 1986 மார்ச்சில் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2021 ஜூலையில் அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. இவற்றில் சாதாரண வீட்டுக்காரர் தலையில் இடிக்கும் எண்கள் இரண்டு. காணி குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அகலம் குறைந்தது 6 மீற்றர் இருக்க வேண்டும். 150 சதுர மீற்றர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 6 பேர்ச்சஸ். இதோடு பின்பக்கம் விட வேண்டிய வெளி, கட்டடம் மூடக்கூடிய பங்கு, தெரு எல்லைக் கோடு, கட்டட எல்லைக் கோடு எல்லாம் சேரும்.

தகப்பனாரின் 12 பேர்ச்சஸை மூன்று பிள்ளைகள் பிரித்தால் ஆளுக்கு 4. அந்த நாலு பேர்ச்சஸ்காரர் என்ன செய்வது? இங்கேதான் விலக்கு என்ற விஷயம் வருகிறது. இதை நம் அதிகாரிகள் 'விதித் தளர்வு' என்பார்கள், வீட்டுக்காரர் 'எப்படியாவது பிளானைப் பாஸ் பண்ணி எடுக்கணும்' என்பார்.

உலகத்தில் இந்த ஏற்பாட்டுக்குத் தெளிவான உருவம் கொடுத்தது அமெரிக்கா. 1916இல் நியூயோர்க் நகரம், முழு நகரத்தையும் வலயங்களாகப் பிரித்து, எங்கே எது கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்று விதித்தது. விதித்தவர்களுக்கே ஒரு பயம் இருந்தது. கோணலான ஒரு துண்டுக் காணியில், பாறை முனையில், இந்த விதியை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் சொந்தக்காரருக்கு அந்தக் காணி இருந்தும் இல்லாததாகிவிடும். ஆகவே விதியோடு சேர்த்தே ஒரு மேன்முறையீட்டுச் சபையையும் வைத்தார்கள். அது கேட்கும் கேள்விகள் சில, இன்றும் பெரிதாக மாறவில்லை. இடர் உண்மையானதா? அது அந்தக் காணிக்கே உரிய இடரா, அல்லது எல்லார்க்கும் உள்ளதா? அயலாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேடு வராதா? கடைசியாக, அந்த இடரை விண்ணப்பதாரர் தானே உண்டாக்கிக்கொண்டாரா? இந்தக் கடைசிக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள். மஹய்யாவவுக்கு அதுதான் தேவை.

தமிழகத்தில் விலக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1971இன் நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அயலவரை அழைத்து விசாரிக்கும் மேன்முறையீட்டுச் சபை எதுவும் இடையில் இல்லை. அரசாணை ஒன்றே போதும். சென்னையில் பெரிய கட்டடங்கள் அந்த வாசலால் நுழைந்தன. காரணம் காட்டாமல் கொடுத்த விலக்கு ஆணைகளை 2000இல் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் 113-அ பிரிவை, ஒரு தடவைக்கு மட்டும் என்று ஏற்றுக்கொண்டது. விலக்கு என்பது இடர்ப்பட்டவருக்கான கதவு. அந்தக் கதவில் காவல் இல்லாவிட்டால் முதலில் உள்ளே போவது இடர்ப்படாதவர்தான்.

நம் ஊருக்கு வருவோம். உறுதி கையில் உள்ள நாலு பேர்ச்சஸ்காரர் மஹய்யாவவில் என்ன செய்ய வேண்டும்? சர்வேயர் அளந்த வரைபடம் முதலில். பிறகு சபையில் தெரு எல்லைச் சான்றிதழ், காணி சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழ், வரி கட்டிய துண்டு. கட்டுவதற்கு முன்பே பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேட்கலாம். கேட்பது புத்திசாலித்தனம். கட்டடப் பிளானுக்குப் பணம் செலவழிக்கும் முன், இந்தத் துண்டில் எது முடியும், எது முடியாது என்று எழுத்தில் வந்துவிடும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே படவரைஞரிடம் போகிறார்கள். பிறகு அழுகிறார்கள்.

விண்ணப்பம் திட்டமிடல் குழுவுக்குப் போகும். நகர அபிவிருத்தி அதிகார சபை தன் அதிகாரத்தின் ஒரு பகுதியை உள்ளூராட்சி சபைக்குக் கையளித்திருக்கிறது. ஆகவே சபையின் அதிகாரிகளும் அதிகார சபையின் பிரதிநிதியும் ஒரே மேசையில் இருப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் கருத்தும் கேட்கப்படும். விதி வருவதற்கு முன்பே பிரிந்த பழைய சிறு துண்டு என்று காட்ட முடிந்தால் அங்கே இரக்கத்துக்கு இடம் உண்டு. அதனால் பழைய சர்வே பிளானின் திகதி பொன்னுக்குச் சமம். தாத்தா காலத்துப் பிளானைக் கறையான் தின்ன விடாதீர்கள். தெரு எல்லைக்குள் முன்பக்கம் கொஞ்சம் நீள வேண்டியிருந்தால், நாளைக்குப் பாதை அகலிக்கும்போது அந்தப் பகுதிக்கு நட்டஈடு கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரரின் சம்மதக் கடிதம் பல இடங்களில் காரியத்தைச் சாதிக்கும். கேட்டு வாங்குவது பிளானுக்கு மட்டுமல்ல, பிற்காலத்து வாழ்க்கைக்கும் நல்லது.

கட்டி முடித்துவிட்டு வருபவருக்கும் ஒரு வழி உண்டு. அதைக் 'கவரிங் அப்ரூவல்' என்று சொல்கிறோம். நடந்துபோன வேலைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுப்பது. எனக்கு இதில் உடன்பாடு குறைவு. காசுள்ளவர் முதலில் கட்டுவார், பிறகு கட்டுவார்: முதலில் மாடியை, பிறகு அபராதத்தை. காசில்லாதவர் மட்டும் விதிக்குப் பயந்துகொண்டு தகரக் கூரையின் கீழ் இருப்பார். கட்டணத்தை வைத்தே நியாயத்தை அளக்கும் எந்த விலக்கும் நாளடைவில் விதியையே கொன்றுவிடும்.

இனி மலையைப் பற்றி. கண்டி மாவட்டத்தில் சரிவில் கட்டும் வீட்டுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவைப்படும். இதைத் தொல்லை என்று பேசுபவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் இந்த மாவட்டம் எத்தனை உயிரைக் கொடுத்தது என்பதைப் பார்த்த பிறகும் அப்படிப் பேச நமக்கு வாய் வரக்கூடாது. காணியின் அளவு தளரலாம். பாதையின் அகலம் தளரலாம். முன்வெளி, பின்வெளி தளரலாம். ஈரமான மண் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது எந்தக் குழுவின் தீர்மானத்துக்கும் கட்டுப்படாது. சரிவை வெட்டி அணைச்சுவர் இல்லாமல் விடுவதற்கும், மேல்வீட்டுத் தண்ணீரைக் கான் இல்லாமல் கீழ்வீட்டுச் சுவரில் விடுவதற்கும் விலக்குக் கொடுப்பவர், தன்னுடையதல்லாத உயிரைத் தானம் பண்ணுகிறார். விலக்கை ஆதரித்துப் பேசும் நான் இதில் மட்டும் கடுமையாக இருக்கிறேன். அந்தக் கடுமை மலையில் ஹோட்டல் கட்டுபவருக்கும் லயத்தில் குசினி நீட்டுபவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதி உள்ளவருக்கு. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே காணி யாருடையது என்று கேட்கும். சபையின் குடியிருப்பில் இருப்பவர் அங்கே எதை எழுதுவார்? காணி சபையுடையது. அறையைச் சபை கட்டியது. வேலைக்கு வந்த பாட்டன் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ எப்போதோ கொடுத்த அறை. மூன்றாம் நான்காம் தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்திருக்கிறது. குடும்பம் பெருகும்போது அறை முன்னால் நீளும், மேலே ஏறும், பின்னால் தகரம் இறங்கும். ஒவ்வொரு நீட்டலும் சட்டத்தின் கண்ணில் அனுமதியற்ற கட்டடம். அனுமதி கேட்க உரிமையில்லாதவர் அனுமதியில்லாமல் கட்டிவிட்டார் என்று அவர்மேல் குற்றம் நிற்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் கலிங்க டியூடர் சில்வாவும், பி. பி. சிவப்பிரகாசமும், பரம்சோதி தங்கேஸும் 2009இல் வெளிக்கொண்டுவந்த நூலில், இலங்கையில் மறைந்து இயங்கும் சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்தபோது கண்டியின் துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கைக்கு ஒரு தனி இடம் கொடுத்தார்கள். நகரத்தின் நடுவில் வாழ்ந்தும் நகரத்தவராக எண்ணப்படாத நிலையை மாணவர்கள் அதில் படிக்க வேண்டும். அதோடு 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். நாடற்றவர் என்று தள்ளப்பட்ட இந்திய வம்சாவளியினரின் பிரச்சினைக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து முடிவு சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. குடியுரிமையே நிச்சயமில்லாத ஒருவர் காணி உறுதி கேட்டு எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்க முடியும்?

இன்னொரு இடைவெளியையும் சொல்கிறேன். தோட்டத்து லயங்களில் இருக்கும் நம் உறவினர்களுக்கு, 2015க்குப் பிறகு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்ற கொள்கை வந்தது. பின்னர் அது 10 பேர்ச்சஸ் என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்ததில் எவ்வளவு கைக்கு வந்தது என்பது வேறு வழக்கு. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பேச அமைச்சு இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது. மஹய்யாவவின் லயம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை, மாநகர சபைக்குச் சொந்தம். ஆகவே அந்தக் கொள்கையின் கணக்கில் அது விழவே இல்லை. அதே கடலைக் கடந்து வந்த அதே மக்கள், தேயிலைக்குப் பதில் விளக்குமாறு பிடித்த ஒரே காரணத்தால் வேறு பட்டியலில் போய்விட்டார்கள்.

இப்போது நியூயோர்க்கின் அந்தக் கடைசிக் கேள்வியை எடுப்போம். இடரை விண்ணப்பதாரர் தானே உண்டாக்கிக்கொண்டாரா? மஹய்யாவவின் லயத்தில் அந்தச் சிறிய அறையைப் போட்டவர் குடியிருப்பவர் இல்லை. சுவரைப் பொதுவாக்கியவரும், வெளியில்லாமல் வரிசை போட்டவரும், கானைத் திறந்தபடி விட்டவரும் அவர் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரராகவும் அனுமதி வழங்குபவராகவும் ஒரே ஆள் இருக்கிறார். அது சபை. விலக்குக் கேட்கும் கடமையும் அதனால் சபையுடையது என்பதே என் வாதம். குடியிருப்பவர் ஒவ்வொருவராகக் கையில் மனுவோடு வரிசையில் நிற்கும் வழியில் இது தீராது. முழுக் குடியிருப்புக்கும் சேர்த்து ஒரே விலக்கு வேண்டும்.

இது என் கற்பனை அல்ல. இதை இந்த நாடு செய்து காட்டியிருக்கிறது. 1984இல் பிரதமர் ஆர். பிரேமதாசவின் அமைச்சின் கீழ் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் நகரப் பிரிவில், கொழும்பின் சேரிக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளாமல் இருந்த இடத்திலேயே, முடியாவிட்டால் பக்கத்தில், திருத்தி அமைக்கும் வேலையைத் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை எடுத்தது. 6 பேர்ச்சஸ் விதி அங்கே ஒரு நாளும் பொருந்தாது. ஆகவே அந்தக் குடியிருப்புகளை நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் விசேட திட்டப் பகுதிகளாக அறிவித்தார்கள். அறிவித்தபின் சாதாரண விதி அங்கே ஒதுங்கி நின்றது. ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச்சஸ், 50 சதுர மீற்றர், சட்டப்படி செல்லும் காணியாயிற்று.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பொது விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. குடியிருப்பவர்களைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, உங்கள் விதியை நீங்களே எழுதுங்கள் என்றார்கள். பாதை எவ்வளவு அகலம் இருந்தால் சவப்பெட்டியும் நோயாளியும் போக முடியும், கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழ வேண்டும், அடுத்த வீட்டைப் பார்த்து ஜன்னல் வைக்கலாமா, மலசலகூடம் எங்கே, மேல்மாடிக்குப் படி பாதைக்குள் நீளலாமா: இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சனங்கள் உட்கார்ந்து முடிவு கண்டார்கள். சமூக அபிவிருத்திச் சபைகள் அதைக் காத்தன. அந்தப் பட்டறை முறையை வகுப்பதில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்து ரைன்ஹார்ட் கோதெர்ட், நபீல் ஹம்தி போன்றோரும் நம் வீடமைப்பு அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கொழும்பின் நவகம்புர இதற்கு அறியப்பட்ட உதாரணம். பெண்கள்தான் அந்தக் கூட்டங்களில் அதிகம் பேசினார்கள் என்பது அதில் வேலை செய்தவர்கள் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கான் நிறைந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

அந்தத் திட்டத்துக்குக் குறையும் உண்டு. பல இடங்களில் முழு உறுதி கைக்கு வரத் தாமதித்தது. அனுபவிக்கும் உரிமைக்குக் காகிதம் கொடுத்தார்கள், சொந்தத்துக்குக் கொடுக்கவில்லை. வங்கியில் கடன் கேட்கும்போதும் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. மஹய்யாவவில் இதைத் திருப்பிச் செய்வதானால் விசேட திட்டப் பகுதி அறிவிப்பும் உறுதியும் ஒன்றாக வர வேண்டும். தளர்த்திய விதியின் கீழ் வீடு சட்டபூர்வமாகி, காணி மட்டும் சபையுடையதாகவே இருந்தால், அடுத்த தலைமுறை வேலையை விட்டு விலகும் நாளில் வீட்டையும் விட்டு விலகச் சொல்ல யாராலும் முடியும். துப்புரவு வேலைக்கும் வீட்டுக்கும் இருக்கும் முடிச்சை அவிழ்க்காமல் அந்த வேலையில் இருந்து பிள்ளைகள் வெளியே வருவது கடினம்.

அங்கே எந்த வகை வீடு என்பதும் ஒரு கேள்வி. கண்டி நகரம் உலக மரபுரிமை என்று 1988இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. அதனால் கண்டியில் உயரத்துக்கும் தோற்றத்துக்கும் கூடுதல் கட்டுப்பாடு இருப்பதை நான் மதிக்கிறேன். அடுக்குமாடியில் ஏற்றிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பவர்களுக்கு, அந்தக் கட்டுப்பாடும் சரிவும் இரண்டுமே பதில். தாழ்வான வீடுகள், ஒழுங்கான படிப்பாதை, மூடிய கான், உறுதியான அணைச்சுவர். இவை அந்த நிலத்துக்குப் பொருந்தும். மேலே மண் பிடிப்பில்லை என்று அறிக்கை சொல்லும் வரிசைகளுக்கு மட்டும் மாற்றிடம், அதுவும் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில்.

தொடங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சபை ஒரு தீர்மானம் எடுத்து, தன் காணியை அளக்க ஒரு சர்வேயரை அனுப்பலாம். ஒவ்வொரு சுவரும் இன்று எங்கே நிற்கிறதோ அங்கேயே கோடு போட வேண்டும், இருக்க வேண்டிய இடத்தில் அல்ல. அந்த வரைபடத்தில் எந்த அறையில் எந்தக் குடும்பம் என்று கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுத வேண்டும். விதவைகளின் பெயரும், வேலையில் இல்லாத மகளின் பெயரும் விடுபடக்கூடாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைச் சபையே தன் செலவில் எடுக்க வேண்டும், ஏனென்றால் நிலம் இன்னும் அதன் பெயரில் இருக்கிறது. இந்த இரண்டும் கையில் வந்ததும் விசேட திட்டப் பகுதிக் கோரிக்கையைச் சபையே நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்பலாம். அளவுக் கோலோடு சர்வேயர் வரும் நாளில் கூடவே இருந்து சுவருக்குச் சுவர் சாட்சி சொல்ல இளைஞர்கள் தேவைப்படுவார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் சட்ட மாணவர்களும் திட்டமிடல் படிக்கும் மாணவர்களும் அன்றைக்கு மஹய்யாவவுக்கு வந்து பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.